பிரித்தால் பொருள் தராது

காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் ரிப்பேர் கடைக்கு மாடியில்
ஜப்பானிய வகுப்பு. ஆறரைக்கு ஆரம்பம்.
டியூட்டி முடித்த ஸ்பிரிட் வாசனையோடு
கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன்.

முதல் தேர்வில், எங்கே வேலை என்ற கேள்விக்கு
ஓர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன்.
ப்யோஇன் என்றால் ஆஸ்பத்திரி.
பியோஇன் என்றால் அழகு நிலையம்.
ஆறு வருஷமாய் நான்
புருவம் திருத்திக்கொண்டிருப்பதாய்
அந்த விடைத்தாள் சொல்கிறது.
முழுப் பொய் இல்லை.
ஆபரேஷனுக்கு முன்னால்
எத்தனை வயிறுகளை மழித்துவிட்டிருக்கிறேன்.

டாக்டருக்கு இஷா.
நூருல்லா சிரித்தான்:
"எங்களுக்கு அது ராத்திரியின் கடைசித் தொழுகை."
எங்கள் வார்டுக்கும் பெரிய டாக்டர்
ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் வருகிறார்.

ஊசி போடுவதற்கும் வண்டி நிறுத்துவதற்கும்
ஒரே சத்தம், ச்சூஷா.
ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போதெல்லாம்
இப்போது இடுப்பில் ஒரு குத்தல்.

நான்காம் கட்டிலில் வயிரவன்.
கல்யாணச் சமையல் மாஸ்டர், கண்டனூர்க்காரர்.
வலது சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டர் கல்.
நாலுக்கும் சாவுக்கும் அங்கே ஒரே சொல், ஷி.
அவரிடம் சொல்லவில்லை.

"வலி பத்துக்கு எத்தனை?" என்றார்
சென்னையிலிருந்து வந்திருக்கும் புது டாக்டர்.
"பத்து பேருக்கெல்லாம் அளவு தெரியாது சார்.
ஐந்நூறு இலைன்னா சொல்லுவேன்."
டாக்டர் ஏழு என்று எழுதிக்கொண்டு
அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ட்ரிப்ஸ் மாற்றும்போது என்னிடம் சொன்னார்:
"முதல்ல கடுகு வெடிக்கிறாப்ல சுருக்கு சுருக்குன்னு.
அப்புறம் விண் விண்ணுன்னு.
விடியக்காலம் அடிப்பிடிச்ச அண்டாவை
கரண்டியால சுரண்டுறாப்ல ஒண்ணு வரும்.
அதுக்குப் பேரே இல்லம்மா."

இருந்தது.
முந்தின நாள்தான் நோட்டில் எழுதியிருந்தேன்.
சிகுசிகு என்றால் குத்தல்.
ஸுகிஸுகி என்றால் தெறிப்பு.
கிரிகிரி என்றால்
அண்டாவை யாரோ சுரண்டுகிறார்கள்.
அந்த ஊரிலும் நோயாளிகள்
வலியை எண்ணிச் சொல்வதில்லை போல.
சத்தம் போட்டுக் காட்டுகிறார்கள்.

இரட்டைக்கிளவி
இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது.
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்.
எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு.
ஒற்றை விண், வானம்.
இரட்டை விண், பல்வலி.
இதை எந்த விதியில் சேர்ப்பது?

விண்ணப்பத்தை நிரப்பிய நாளில்
மகள் வயது என்றொரு கட்டம் வந்தது.
எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.
நாலை ஷி என்று சொல்ல நாக்கு எழவில்லை.
நல்லவேளை, நாலுக்கு அங்கே
யோன் என்று இன்னொரு பேரும் இருக்கிறது.
வயசுக்கு அதுதான் சரி என்றார்கள்.
வளையல் நாலும் வங்கியில் இருக்கிறது.
அதையும் யோன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வயிரவன் கல் தானாகவே விழுந்துவிட்டது
வியாழக்கிழமை, ஒரு காகித வடிகட்டியில்.
மிளகு அளவுகூட இல்லை.
"இதுக்கா இவ்வளவு?" என்று
கழுவி வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

பில் கட்டி, பையைத் தூக்கி,
வாசல்வரை போனவர் திரும்பி
"அப்ப வர்றே..." என்று தொடங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
இந்த வாசலில் அந்தச் சொல் ஆகாது.
போறேன் என்பது அதைவிட ஆகாது.
நானும் போயிட்டு வாங்க என்று சொல்ல முடியாமல்
நின்றேன். ஆறு வருஷமாய்
எத்தனையோ பேரை
வெறும் தலையாட்டலில் அனுப்பியிருக்கிறேன்.

அங்கே இதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்கள்.
உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று,
திரும்ப வரச்சொல்லாமல்,
வாசலில் மட்டும் சொல்வது.

"ஓதாய்ஜி நி" என்றேன்.

அவர் மருந்துச் சீட்டைப் பிரித்துத் தேடினார்.
"இதுல இல்லையேம்மா.
சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றேன்.